வயது போடாத சிங்கிள் மால்ட்: வாங்குவதும் ருசிப்பதும் எடைபோடுவதும்

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்களில் விஸ்கியில் ஆர்வமுள்ளவர்கள், ஏதாவது ஒரு நாள் கடை அலமாரி முன்னால் திகைத்து நிற்கிறார்கள். 12, 15, 18 என்று எண் போட்ட பாட்டில் சிக்கலில்லை; எண் கூடக் கூட விலையும் கூடும், அவ்வளவுதான். எண்ணே இல்லாத பாட்டில்தான் குழப்பும். ஒன்று 35 பவுண்டு, பக்கத்திலேயே இன்னொன்று 90 பவுண்டு, இரண்டிலும் வயது இல்லை. இந்த ரகத்தை ‘நோ ஏஜ் ஸ்டேட்மென்ட்’, சுருக்கமாக என்.ஏ.எஸ். என்பார்கள். எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லாததால் கேட்டும் குடித்தும் குறித்துவைத்தும்தான் ஒரு முறைக்கு வந்து சேர்ந்தேன். அந்தச் சுற்றல் உங்களுக்கு வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

எண் இல்லையென்று ஒரு பாட்டிலை ஒதுக்க வேண்டியதில்லை. ‘வயதெல்லாம் வெறும் எண்’ என்று கடைக்காரர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வயது என்பது ஒரு தகவல். அதைத் தராத பாட்டிலிடம் மற்ற தகவல்களைக் கறாராகக் கேளுங்கள். மிச்சத்தை உங்கள் மூக்கிடம் கேளுங்கள்.

1. சட்டம் எதற்கு உத்தரவாதம் தருகிறது

2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகள் சொல்வது இது. சிங்கிள் மால்ட் ஒரே வடிசாலையில், மால்ட் செய்த (முளைகட்டி உலர்த்திய) பார்லியில் மட்டும், பாட் ஸ்டில் எனும் குடம் போன்ற வடிகலனில் வடித்ததாக இருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்துக்குள்ளேயே, குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. தண்ணீரும் சாதாரணக் காரமல் நிறமும் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது. வயது போட்டால், பாட்டிலில் உள்ளவற்றிலேயே மிக இளைய விஸ்கியின் வயதைத்தான் போட வேண்டும்.

கடைசி விதி முக்கியம். 20 ஆண்டுப் பீப்பாய்கள் பலவற்றோடு 5 ஆண்டுப் பீப்பாய் ஒன்றைக் கலந்தால் லேபிளில் 5 என்றுதான் போட முடியும். 5 என்று போட்டால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று தயாரிப்பாளர் எண்ணையே விட்டுவிடுகிறார். ஆகவே ‘என்.ஏ.எஸ். எல்லாம் மூன்று வருடச் சரக்கு’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதற்காக ‘உள்ளே நிறைய பழைய விஸ்கி இருக்கிறது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். சராசரி வயதையோ மூத்த பீப்பாயின் வயதையோ காட்டி விளம்பரம் செய்ய அந்தச் சட்டமே இடம் தரவில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

அடையாள ஆவணம். 18 வயது ஆனால் போதும் என்றாலும், பார்வைக்கு 25-க்குக் கீழே தெரிந்தால் கேட்டே தீர வேண்டும் என்பது ஸ்காட்லாந்தில் கடைகளுக்கு உள்ள கட்டாயம். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தையோ பல்கலைக்கழக அட்டையையோ நம்பிப் போகாதீர்கள். விசா விவரம் இப்போது இணையத்துக்குப் போய்விட்டதால் கையில் காட்ட அட்டை இருக்காது. பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள்.

நேரம். கடைகள் மது விற்பது காலை 10 முதல் இரவு 10 வரை. 10 அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் பில் போட மாட்டார்கள்.

வண்டி. ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கான ரத்த ஆல்கஹால் வரம்பு 2014 டிசம்பர் முதல் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80. லண்டன் நண்பர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. வடிசாலைக்குக் காரில் போனால் ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம். அவர் பங்கைச் சிறு குப்பியில் ஊற்றித் தரும் வழக்கம் பல வடிசாலைகளில் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள்.

3. லேபிளைப் பத்திரம் படிப்பதுபோல் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நிலப் பத்திரத்தில் எல்லைகளைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டும், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகமாக.

முதலில் ‘சிங்கிள் மால்ட்’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பிளெண்டட் மால்ட்’ பல வடிசாலைகளின் மால்ட்டைக் கலந்தது. வெறும் ‘பிளெண்டட்’ என்றால் தானிய விஸ்கியும் கலந்தது. இரண்டிலும் நல்லவை உண்டு, ஆனால் நாம் தேடுவது அதுவல்ல.

அடுத்து ஆல்கஹால் அளவு. என்.ஏ.எஸ். பாட்டிலில் நான் முதலில் தேடும் எண் இதுதான். 40 என்றால் சட்டம் அனுமதிக்கும் அடிமட்டம். 46 அல்லது அதற்கு மேல் என்றால் குளிர்வடிகட்டல் செய்யாமல் இருக்க வாய்ப்பு அதிகம். 46-க்குக் கீழே நீர்த்த விஸ்கி குளிரிலோ ஐஸிலோ கலங்கும். அந்தக் கலங்கல் பிடிக்காத தயாரிப்பாளர்கள் குளிரவைத்து வடிகட்டும்போது வாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை தரும் பொருள்களும் சேர்ந்து போய்விடும். ‘நான் சில் ஃபில்டர்டு’ (குளிர்வடிகட்டாதது) என்று எழுதியிருந்தால் நல்லது. எழுதாமல் 40 அல்லது 43 என்று மட்டும் இருந்தால் வடிகட்டியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம். ‘நேச்சுரல் கலர்’ என்று எழுதியிருந்தால் காரமல் சேர்க்கவில்லை. ஒன்றும் எழுதாவிட்டால் சேர்த்திருக்கலாம். பிரிட்டனில் அதை லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் சொல்லியாக வேண்டும். ஆகவே அதே விஸ்கியை ஒரு ஜெர்மன் கடையின் இணையப் பக்கத்தில் தேடி, ‘மிட் ஃபார்ப்ஸ்டாஃப்’ (mit Farbstoff) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறம் சேர்த்தது. இரண்டே நிமிட வேலை, அதற்குப் பிறகு கரும்பழுப்பு நிறத்தைப் பார்த்து மயங்க மாட்டீர்கள்.

நிறம் இயற்கையானதாகவே இருந்தாலும் அதை வயதாக எண்ண வேண்டாம். மகாலன் 2012-இல் வெளியிடத் தொடங்கிய 1824 வரிசையில் கோல்ட், ஆம்பர், சியன்னா, ரூபி என்று வயதுக்குப் பதிலாக நிறத்தை வைத்தே படிநிலை அமைத்தார்கள். அந்த நிறம் பீப்பாயிலிருந்து வந்ததுதான். ஆனால் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதல்முறை நிரப்பிச் சில ஆண்டு கிடந்த விஸ்கி, அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்து பலமுறை பயன்படுத்திய பீப்பாயில் 20 ஆண்டு கிடந்ததைவிடக் கறுத்திருக்கும்.

பீப்பாய் விவரம். ‘மெச்சூர்டு இன்’ என்றால் அங்கேயே வளர்ந்தது. ‘ஃபினிஷ்டு இன்’ என்றால் வேறெங்கோ வளர்ந்து கடைசியில் சில மாதமோ ஓரிரு ஆண்டோ தங்கிப் போனது. அந்தக் கால அளவையும் போடாத ஃபினிஷ் பெரும்பாலும் ஒரு பூச்சு. சிறு பீப்பாய் என்றால் மரத்தோடு தொடர்பு கூடுதல்: லஃப்ராய்க் குவார்ட்டர் காஸ்க் பர்பன் பீப்பாயில் வளர்ந்தபின் சுமார் 125 லிட்டர் கொள்ளும் குட்டிப் பீப்பாய்களுக்கு மாற்றப்படுகிறது. வழக்கமான பர்பன் பீப்பாய் 200 லிட்டர், ஷெர்ரிக்கான ‘பட்’ எனும் பெரிய பீப்பாய் 500. வயது குறைவான விஸ்கிக்கு மரச்சுவை ஏற்ற இது ஒரு நேர்மையான வழி. அதை மறைக்காமல் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள் என்பதால் எனக்கு அந்தப் பாட்டில் மேல் ஒரு மரியாதை.

கடைசியாக, கணக்குப் போட உதவும் எண்கள். வடித்த ஆண்டும் பாட்டிலில் அடைத்த ஆண்டும் இருந்தால் கழித்துப் பாருங்கள், வயது கிடைத்துவிடும். அவை இல்லையென்றால் வடிசாலை தொடங்கிய ஆண்டைத் தேடுங்கள். கில்ஹோமன் காய்ச்சத் தொடங்கியது 2005-இல், அர்ட்னமர்கன் 2014-இல். இப்படிப்பட்ட புது வடிசாலைகளில் உச்ச வயது உங்களுக்கே தெரிந்துவிடும். அர்ட்னமர்கன் பாட்டிலில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்தப் பாட்டிலின் தயாரிப்பு விவரம் வரும். புரூக்லாடியின் கிளாசிக் லாடியில் பாட்டில் மேல் உள்ள பேட்ச் (ஒரே தடவையில் கலந்து அடைத்த தொகுதி) குறியீட்டை அவர்கள் தளத்தில் இட்டால் எந்தெந்த ஆண்டின் எத்தனை பீப்பாய்கள் கலந்தன என்பதையே பார்க்கலாம். லேபிளில் எண் போடாமலேயே திறந்து பேச முடியும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி. எதையும் சொல்லாத பாட்டிலைப் பார்க்கும்போது இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றும் எண்களும் உண்டு. கிளென்ஃபார்க்லஸ் 105-இல் உள்ள 105 பழைய பிரிட்டிஷ் புரூஃப் அளவு, அதாவது 60 சதவீதம். மகாலனின் 1824 என்பது வடிசாலை தொடங்கிய ஆண்டு. ‘பேட்ச் 18’ என்பது 18 வயதல்ல. ‘ரிசர்வ்’, ‘செலக்ட்’, ‘ரேர்’, ‘ஸ்மால் பேட்ச்’ ஆகிய சொற்களுக்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. அவற்றைக் கண் தாண்டிப் போகட்டும்.

4. விலையைப் பிரித்துப் பாருங்கள்

36 பவுண்டு பாட்டிலில் 6 பவுண்டு வாட் வரி. 2025 பிப்ரவரியில் இருந்த விகிதப்படி தூய ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டு தீர்வை, 70 செ.லி., 40 சதவீதப் பாட்டிலுக்கு அது 9.18 பவுண்டு. மீதி 21 பவுண்டுக்குள் பீப்பாய், பாட்டில், அட்டைப்பெட்டி, கடைக்காரர் லாபம், விஸ்கி எல்லாம் அடங்க வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிடப் பயனுள்ளது. 57.1 சதவீதமுள்ள 70 செ.லி. பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால், 40 சதவீதமுள்ள ஒரு லிட்டர் பாட்டிலில் இருப்பதற்குச் சமம். அர்ட்பெக் கோரிவ்ரெக்கன் இந்த 57.1 ரகம். ஆகவே 65 பவுண்டுக்கு அப்படியொரு பாட்டிலும், 45 பவுண்டுக்கு 40 சதவீதமுள்ள 70 செ.லி. பாட்டிலும் அருகருகே இருந்தால், நீர் சேர்த்துக் குடிப்பவருக்கு இரண்டும் ஒரே விலைதான். தண்ணீரைக் குழாயில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். ‘காஸ்க் ஸ்ட்ரென்த் (பீப்பாயின் வலு குறையாமல் அடைத்த விஸ்கி) கட்டுப்படியாகாது’ என்று தயங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

விமான நிலையத்தில் கவனம். டியூட்டி ஃப்ரீ கடைக்கென்றே தயாராகும் ஒரு லிட்டர் பாட்டில்களில் என்.ஏ.எஸ். ஏராளம். அவை வெளியே கிடைக்காததால் விலையை ஒப்பிட முடியாது, பெயரும் பளபளப்பாக இருக்கும். ஆல்கஹால் 40, பீப்பாய் விவரம் இல்லை என்றால் தாண்டிப் போங்கள்.

5. முழு பாட்டில் இப்போது வேண்டாம்

முதலில் 3 செ.லி. மாதிரிக் குப்பிகள் அல்லது 5 செ.லி. மினியேச்சர்கள் வாங்குங்கள். விஸ்கிக்கென்றே உள்ள இணையக் கடைகளில் கிடைக்கும். சாதாரண ரகங்கள் பெரும்பாலும் 4 முதல் 10 பவுண்டுக்குள் இருக்கும். பப்பில் கேட்டால் ஒரு அளவு 25 மில்லியா 35 மில்லியா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டும் சட்டப்படியானவை, விலைப்பட்டியலை அதற்கேற்பப் படிக்க வேண்டும்.

தனியாக ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். அதே வடிசாலையின் வயது போட்ட விஸ்கியையும் சேர்த்து ஜோடியாக வாங்குங்கள். என் பார்வையில் புதியவருக்கு ஆகச் சிறந்த ஜோடி டாலிஸ்கர் 10-ம் டாலிஸ்கர் ஸ்டார்மும். இரண்டும் 45.8 சதவீதம் என்பதால் ஆல்கஹால் வேறுபாடு குறுக்கே வராது. நாக்கில் தெரியும் வித்தியாசம் பீப்பாயும் வயதும் செய்தது. விஸ்கியில் புகை மணம் பிடிக்காது என்பவர்களுக்கு கிளென்லிவெட் 12-ம் ஃபவுண்டர்ஸ் ரிசர்வும். கொஞ்சம் பழகியபின் அர்ட்பெக் 10, ஊகடால் ஜோடி. இதில் 46-க்கும் 54.2-க்கும் உள்ள இடைவெளியை நீர் சேர்த்துச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

6. நாள், நேரம், கிளாஸ்

சாப்பாட்டுக்கு முன், முற்பகலில் மூக்கு கூர்மையாக இருக்கும். விடுமுறை நாள் 11 மணி நல்ல நேரம். ‘காலையிலேயேவா?’ என்று வீட்டில் கேட்பார்கள். ஊற்றப்போவது 15 மில்லிதான் என்று அளந்து காட்டுங்கள். காலையில் பூண்டுக் குழம்பும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். டிகிரி காபி குடித்தால் ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். அத்தர், சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் அறையில் வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு ருசி பார்ப்பதே வீண்.

கிளாஸ் வாய் குறுகியதாக இருக்க வேண்டும். 2001-இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் 6 முதல் 10 பவுண்டுக்குள் கிடைக்கும், இரண்டு போதும். அகலமான டம்ளரில் மணம் சிதறிவிடும். ஊற்றி, ஒரு சிறு தட்டால் மூடி, கால் மணி நேரம் விடுங்கள். ஐஸ் வேண்டாம். சோடா வேண்டவே வேண்டாம்.

மருந்துக் கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். சில பென்ஸ் விலையில் கிடைக்கும் இதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் உழைக்கும் கருவி.

நான்கு விஸ்கிகள், ஒவ்வொன்றும் 15 மில்லி, 46 சதவீதம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 2.8 யூனிட் (ஒரு யூனிட் 10 மில்லி தூய ஆல்கஹால்). வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டல். நான்குக்கு மேல் போனால் மூக்கும் பொய் சொல்லத் தொடங்கும். துப்புவதில் வெட்கமில்லை, தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் துப்புகிறார்கள்.

7. மூக்கால் பாருங்கள்

கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து இழுக்காதீர்கள். எரிச்சல் மட்டுமே மிஞ்சும். விளிம்புக்கு மேலே வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெல்ல முகருங்கள். எடுத்துவிட்டு மறுபடி.

மணங்களுக்குப் பெயர் வைக்க ஆங்கிலப் புத்தகப் பட்டியல் தேவையில்லை. அதில் வரும் ஹெதர் பூவை முகர்ந்தே பார்க்காதவர்கள் அதை எழுதி என்ன பயன்? நம் சமையலறையே போதும். ஓக் மரத்திலிருந்து வரும் லாக்டோன் தேங்காய் மணம் தரும். கிராம்பில் உள்ள அதே யூஜெனால் ஓக்கிலும் இருக்கிறது, ஆகவே கிராம்பு மணம் வந்தால் அது கற்பனையல்ல. ஷெர்ரிப் பீப்பாயில் உலர் திராட்சை, பேரீச்சை, சில சமயம் கருப்பட்டி. ஐலா தீவின் புகை விஸ்கிகளில் வரும் ஆஸ்பத்திரி வாடைக்கு டெட்டால் என்றே எழுதுங்கள். அது ஃபீனால் வகைப் பொருள்களின் வேலை.

பிறகு சிரிஞ்சால் சம அளவு நீர் சேர்த்து மறுபடி முகருங்கள். 15 மில்லி விஸ்கி 40 சதவீதம் என்றால் 15 மில்லி நீர் சேர்த்ததும் 20 ஆகிவிடும். கலவை வல்லுநர்கள் முகர்வதற்குப் பயன்படுத்தும் அளவு ஏறக்குறைய இதுதான். குடிப்பதற்கு இது நீர்த்துப்போனது, ஆனால் குறைகளை ஒளிக்க இடமிருக்காது.

8. நாக்கில்

முதல் மடக்கு வாயைப் பழக்க மட்டுமே, அதை வைத்து எதையும் எழுதாதீர்கள். இரண்டாவது மடக்கைப் பத்து விநாடியாவது வாயில் வைத்துச் சுழற்றுங்கள். விழுங்கியதும் செல்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். சுவை எத்தனை விநாடி நிற்கிறது, கடைசியில் நிற்பது இனிப்பா கசப்பா வெறும் காரமா என்று எழுதுங்கள். என்.ஏ.எஸ். விஸ்கிகள் அதிகம் சறுக்கும் இடம் இந்தக் கடைசிக் கட்டம்தான்.

வலுவான விஸ்கிக்கு நீர்க் கணக்கு: 60 சதவீத விஸ்கி 15 மில்லியில் 5 மில்லி நீர் சேர்த்தால் 45 ஆகும். அபர்லவர் அபூனா, கிளென்ஃபார்க்லஸ் 105 போன்றவற்றுக்கு இந்த அளவில் தொடங்கலாம். எரிகிறது என்பதற்காக ‘இது பச்சை விஸ்கி’ என்று முடிவு கட்டாதீர்கள். 60 சதவீதத்தில் எந்த வயது விஸ்கியும் எரிக்கும். 45-க்கு இறக்கியபின்னும் எரிந்தால் சந்தேகப்படுங்கள்.

9. எடைபோடுதல்: இளமையா, மரமா, இரண்டும் கூடியதா

நான் இரண்டே கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி: வடித்த சரக்கு பக்குவப்பட்டிருக்கிறதா? பக்குவப்படாததன் அடையாளங்கள் பிசைந்த மாவு வாடை, ஈஸ்ட், பச்சை ஆப்பிள், பேரிக்காய் மிட்டாய், நகப்பூச்சு நெடி. நாக்கில் மெலிந்த உடம்பு, தொண்டையில் கூரான காரம். இவற்றில் ஆப்பிளும் பேரிக்காயும் கொஞ்சம் இருப்பது குறையல்ல, பல நல்ல விஸ்கிகளில் உண்டு. நகப்பூச்சும் பச்சை மாவும் முன்னால் வந்து நின்றால்தான் குறை.

இரண்டாவது கேள்வி: அந்த இளமையை மறைக்க மரத்தை அதிகம் ஏற்றியிருக்கிறார்களா? வீரியமான புதுப் பீப்பாயில் போட்டு அவசரமாக வளர்த்த விஸ்கி முகரும்போது வனிலாவும் தேங்காயுமாகக் கவரும். நாக்கில் அறுத்த பலகை, கிராம்பு, அதிகம் கொதித்த தேயிலையின் துவர்ப்பு என்று மாறி, திடீரென்று அறுந்துவிடும். மூக்கு கொடுத்த வாக்கை வாய் காப்பாற்றாது. மரம் சுவையைச் சேர்ப்பது வேகமாக நடக்கும். பச்சை நெடிகள் அடங்குவதும், காற்றோடு நடக்கும் மெதுவான மாற்றங்களும் வேகமாக நடப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிக்கொண்டே அந்தப் பீப்பாய்கள் கிடங்கில் காத்துக் கிடப்பது அதற்காகத்தான். வயதுக்குப் பதிலாக மரத்தை மட்டும் வைத்து ஈடுகட்ட முடியாது என்பதை இந்த இரண்டாவது கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

புகை விஸ்கிகளுக்கு வேறு நியாயம். மால்ட்டை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகை மணம் காலப்போக்கில் மங்கும், ஆகவே இளமை அங்கே ஒரு சொத்து. பெரும்பாலும் 5 ஆண்டுகளே ஆன ஆக்டோமோர் அதற்கு எல்லைக்கோட்டு உதாரணம். கில்ஹோமன் மகிர் பேயும் இளமையை ஒளிக்காத விஸ்கிதான், 46 சதவீதத்தில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் புகை பச்சை நெடியை மறைக்கும் திரையாகவும் ஆகலாம். சோதிக்க எளிய வழி: குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல், மூடாமல் இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் காலை முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும். பின்னால் புகையோடு தேனும் தானியமும் மரமும் இருந்தால் நல்ல விஸ்கி. ஈரச் சாம்பல் மட்டும் என்றால் புகையைத் தவிர அதில் ஒன்றுமில்லை. லேபிளில் பெரிதாகப் போடும் பிபிஎம் எண்ணை (புகை தரும் ஃபீனால்களின் அளவு) இதற்கு நம்பாதீர்கள். அது பொதுவாக மால்ட்டில் அளந்தது, பாட்டிலில் உள்ள விஸ்கியில் அல்ல.

ஷெர்ரிப் பீப்பாய் என்றால் கந்தகத்தையும் கவனியுங்கள். அணைத்த தீக்குச்சி, ரப்பர், அழுகிய முட்டை. பீப்பாயைக் காக்கக் கந்தகம் எரிக்கும் வழக்கத்தின் மிச்சம் அது. சிலருக்கு இந்த வாடை தெரியவே தெரியாது. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மதிப்பெண் போடுவதென்றால் 100-க்குப் போடாதீர்கள். 86-க்கும் 87-க்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ‘பாட்டில் வாங்குவேன்’, ‘பப்பில் கிடைத்தால் குடிப்பேன்’, ‘வேண்டாம்’ என்ற மூன்று பெட்டிகள் போதும். விலையைப் பார்க்காமல் பெட்டியில் போடுங்கள். பிறகு விலையைப் பார்த்து, மனம் மாறினால் அதையும் எழுதுங்கள்.

10. கண்ணை மறைத்துச் சோதனை

பெயரும் பெட்டியும் நாக்கை வளைக்கும். நண்பரிடம் மூன்று கிளாஸ்களைக் கொடுத்து, இரண்டில் ஒரே விஸ்கியையும் ஒன்றில் மற்றதையும் உங்கள் கண்ணில் படாமல் ஊற்றச் சொல்லுங்கள். தனித்து நிற்பது எது என்று கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, ஆகவே ஒருமுறை ஜெயித்தால் போதாது. வேறு வேறு நாள்களில் மூன்று முறையும் சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 27-இல் ஒரு வாய்ப்புதான். கிளாஸ்களில் நிற வேறுபாடு தெரிந்தால் விளக்கைக் குறையுங்கள். டாலிஸ்கர் ஜோடியில் இதைச் செய்து பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லையென்றால் இரண்டில் மலிவானதை வாங்கிக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

11. பாட்டில் வாங்கியபின்

ரசீதையும், பாட்டில் கண்ணாடியில் அச்சிட்ட லாட் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். வயது போடாத விஸ்கியின் சுவை பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும். அடுத்த பாட்டில் வேறு மாதிரி இருந்தால் ஒப்பிடவும், தக்கை வாடை அடித்தால் கடையில் மாற்றிக் கேட்கவும் அந்த எண் தேவை. அபூனா போன்றவற்றில் பேட்ச் எண் லேபிளிலேயே இருக்கும். ஒருவர் புகழ்ந்த பேட்ச்தானா நீங்கள் வாங்குவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் தக்கை அரிக்கும். வெயில் படக்கூடாது. திறந்தபின் முதல் மடக்கு பிடிக்காவிட்டாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள், காற்றுப் பட்டுத் திருந்தும் விஸ்கிகள் உண்டு. பாதிக்குக் கீழே இறங்கினால் சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சிறு பாட்டிலில் வாய்முட்ட நிரப்பி வையுங்கள். பீப்பாயை விட்டு வெளியே வந்தபின் விஸ்கிக்கு வயது ஏறாது, ஆகவே பரணில் பத்து வருடம் வைத்துப் பயனில்லை.

ஐலாவுக்கே போய் வாங்கலாம் என்றால் கென்னகிரெய்கிலிருந்து படகு, சுமார் இரண்டேகால் மணி நேரம். காரோடு போவதென்றால் பல வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். மே மாதக் கடைசியில் அங்கே விஸ்கித் திருவிழா நடக்கும், அந்த வாரம் தங்க இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஊருக்குக் கொண்டுபோவதென்றால் ஒரு கணக்கு. இந்தியச் சுங்கம் ஒருவருக்கு வரியின்றி அனுமதிப்பது 2 லிட்டர். 70 செ.லி. பாட்டில் மூன்று எடுத்தால் 2.1 லிட்டர் ஆகிவிடும், மூன்றாவது பாட்டில் வம்பில் மாட்டிவிடும். இரண்டு பாட்டிலும் சில மினியேச்சர்களும் எடுங்கள். கைப்பையில் வேண்டாம், துணியில் சுற்றி, மூடி பிரிக்காமல், பெட்டிக்குள் நடுவில் வைத்து செக்-இன் செய்யுங்கள். 70 சதவீதத்துக்கு மேற்பட்டதை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற விடமாட்டார்கள். ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள், பெட்டிக்குள் போட்டுவிட்டால் கேட்கும்போது எடுக்க முடியாது.